43 டிகிரியில் ஒரு மணி நேரம்

இரத்தப் புற்றுச் செல்களை வெப்பமும் கீமோ மருந்தும் சேர்த்துக் கொடுத்துக் கொல்ல முடியுமா என்று கேட்டால், செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எவரும் தயங்காமல் முடியும் என்றுதான் சொல்வார்கள். 37 டிகிரி செல்சியஸ் இன்குபேட்டரில், மீடியத்தில் மிதந்தபடி பெருகிக்கொண்டிருக்கும் லுகேமியா செல்களைக் குழாயில் எடுத்து, 43 டிகிரி வாட்டர் பாத்தில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி, பொருத்தமான மருந்தையும் சேர்த்தால், மருந்து தனியாகக் கொன்றதையும் வெப்பம் தனியாகக் கொன்றதையும் கூட்டி வரும் கணக்கைவிட அதிகச் செல்கள் சாகின்றன. அரை நூற்றாண்டாகப் பல நாட்டு ஆய்வகங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை இது. இதில் சண்டை இல்லை. சண்டை இதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. குழாயில் நடந்ததை வைத்து நோயாளியைச் சூடேற்றலாம் என்று ஒரு சாராரும், இதெல்லாம் ஆய்வக விளையாட்டு, மருத்துவத்துக்கு உதவாது என்று இன்னொரு சாராரும் பேசுகிறார்கள். இரண்டுமே பிசகு என்பது என் கட்சி. இரத்தப் புற்றைப் பொறுத்தவரை வெப்பத்துக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் நோயாளியின் உடலுக்கு வெளியே இருக்கிறது. செல் வளர்ப்பது, சூடேற்றுவது, எண்ணுவது என்ற தொழிலை அறிந்தவன் என்ற அளவில் மட்டுமே இதை எழுதுகிறேன்; சிகிச்சை சொல்லும் உரிமை மருத்துவருடையது.

முதலில் குழாய்க்குள் நடப்பது. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் எச்.எல்.-60, கே-562 என்ற இரண்டு செல் வரிசைகளும் 1970-களில் நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை பெருகிக்கொண்டிருப்பவை. முன்னது தீவிர மைலாய்டு லுகேமியாவிலிருந்து வந்தது. பின்னது நாட்பட்ட மைலாய்டு லுகேமியா முற்றிய கட்டத்திலிருந்து வந்தது. கட்டிகளிலிருந்து எடுத்த செல்களைப் போல இவை ஃப்ளாஸ்க்கின் அடியில் ஒட்டிக்கொள்வதில்லை, மிதக்கின்றன. அதனால் சூடு எல்லாச் செல்லுக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும். 42, 43 டிகிரியில் செல்லின் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன, சவ்வு இளகுகிறது, டி.என்.ஏ.வைச் செப்பனிடும் புரதங்கள் முடங்குகின்றன. இந்தக் கடைசி விஷயம்தான் மருந்தோடு கூட்டணி சேரும் இடம். 41 முதல் 42.5 டிகிரி வரையான மிதமான சூடே பி.ஆர்.சி.ஏ.-2 என்ற செப்பனிடும் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது என்று 2011-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். டி.என்.ஏ.வை உடைக்கும் மருந்து ஒரு பக்கம் உடைக்க, உடைந்ததைத் தைக்கும் கை மறுபக்கம் கட்டப்படுகிறது. செல் பிழைக்க வழி இல்லை.

சூடு புற்றைக் கொல்லும் என்ற எண்ணம் பழையது. 1866-இல் பான் நகரத்து அறுவை மருத்துவர் வில்ஹெல்ம் புஷ், அக்கித் தொற்றால் கடும் காய்ச்சல் கண்ட ஒரு நோயாளியின் முகக் கட்டி கரைந்ததைப் பதிவு செய்தார். 1890-களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி பாக்டீரியாச் சாற்றை ஊசியாகப் போட்டு வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்தார். ஆனால் இது அளந்து செய்யும் அறிவியலானது 1970-களுக்குப் பிறகுதான். ஸ்டான்ஃபோர்டில் ஜார்ஜ் ஹானும் அவருடைய சகாக்களும் 1975-இல் டாக்ஸோரூபிசின், பிளியோமைசின் ஆகிய மருந்துகள் 42, 43 டிகிரியில் பல மடங்கு வீரியம் பெறுவதைக் காட்டினார்கள். 1984-இல் சப்பரேட்டோ, டூயி என்ற இரு ஆய்வாளர்கள் வெப்பத்துக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். 43-க்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் அதே அளவு சேதத்துக்குத் தேவையான நேரம் பாதியாகக் குறையும். 43-க்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 43 டிகிரியில் ஒரு மணி நேரம் என்றால் 44-இல் அரை மணி, 42-இல் நான்கு மணி. இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால், வெப்பச் சிகிச்சை என்ற பெயரில் வரும் விளம்பரங்களில் பெரும்பகுதியை வாசகரே சலித்துவிடலாம்.

இந்தக் கணக்கு ஆய்வகக்காரனுக்கும் எச்சரிக்கை. வாட்டர் பாத்தின் முகப்பில் 43.0 என்று எரிந்தால் குழாய்க்குள் இருக்கும் மீடியம் 43 என்று அர்த்தமில்லை. இன்குபேட்டரிலிருந்து எடுத்த குழாய் தண்ணீரின் சூட்டை எட்டச் சில நிமிடங்கள் ஆகும். குழாய் தடித்தது என்றால் இன்னும் ஆகும். பிளாஸ்டிக் தட்டை வெப்பக் காற்றில் வைத்தால் அதைவிட மிகத் தாமதம். தட்டின் ஓரக் கிணறுகளும் நடுக் கிணறுகளும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. 43-க்குக் கீழே அரை டிகிரி பிசகினால் விளைவு இரண்டு மடங்கு பிசகும் என்பதை மேலே சொன்ன கணக்கே சொல்கிறது. மருந்தைப் பத்தில் ஒரு பங்கு கூடக் குறைய எடுத்துவிட்டாலே பதறுகிற நாம், அரை டிகிரியைக் கண்டுகொள்ளாமல் விடுவது விந்தை. மூடியைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி மீடியம் காரத்தன்மை கொள்ளும். செல் செத்தது சூட்டாலா, காரத்தாலா, மருந்தாலா என்று பிரிக்க முடியாது. வெப்பத்தையும் மருந்தையும் சேர்த்து ஆய்ந்த கட்டுரை எது கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது முடிவுகளை அல்ல. வெப்பமானியைக் குழாய்க்கு உள்ளே வைத்து அளந்தார்களா என்ற ஒரு வரியைத்தான்.

எண்ணுவதில் இருக்கும் பொறி இதைவிடப் பெரியது. டிரைபன் நீலத்தைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சவ்வு கிழிந்த செல் மட்டுமே நீலமாகத் தெரியும். சூடுபட்ட லுகேமியா செல் பெரும்பாலும் உடனே கிழிவதில்லை. 43 டிகிரி வாக்கில் அது தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் வழியில் போகிறது, அதற்குப் பல மணி நேரம் எடுக்கிறது. சூடேற்றி முடித்த உடனே எண்ணினால் எல்லாச் செல்லும் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். மறுநாள் எண்ணினால் பாதி இருக்காது. மாறாக, பலரும் விரும்பும் எம்.டி.டி. சோதனை செல்லின் வளர்சிதை மாற்றத்தைத்தான் நிறமாகக் காட்டுகிறது. சூடு அந்த மாற்றத்தைத் தற்காலிகமாக மந்தப்படுத்தினாலே நிறம் குறையும். சாகாத செல்லைச் செத்ததாகக் கணக்கில் ஏற்றிவிடுவோம். ஒரு சோதனை குறைத்துச் சொல்கிறது, இன்னொன்று கூட்டிச் சொல்கிறது. நம்பத்தக்கது காலனிச் சோதனை ஒன்றுதான்: பிழைத்த செல்களை அரைத்திட மீடியத்தில் விதைத்து, ஒன்றிரண்டு வாரம் காத்திருந்து, எத்தனை செல்கள் குடும்பமாகப் பெருகின என்று எண்ணுவது. லுகேமியா திரும்பி வருவது பெருகும் திறன் மிச்சமிருக்கும் ஒரு சில செல்களால் என்பதால், அந்தச் சில செல்களைக் கணக்கில் எடுக்காத சோதனைக்கு இந்த நோயில் மதிப்புக் குறைவு. காலனிச் சோதனையோ காலம் பிடிக்கிறது, கண்ணை வாங்குகிறது, கட்டுரை எழுதத் தாமதமாகிறது. ஆகவே பலர் செய்வதில்லை.

இனி மருந்துகள். எல்லா மருந்துக்கும் சூடு துணை போவதில்லை; இது இந்தத் துறையின் மிகப் பழைய, மிகச் சுலபமாக மறக்கப்படும் பாடம். டி.என்.ஏ.வில் நேரடியாகக் கொக்கி போடும் ஆல்கைலேட்டர் வகை மருந்துகளான சைக்ளோபாஸ்பமைடு, மெல்ஃபலான் ஆகியவையும் சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளும் சூட்டில் படிப்படியாக வலுக்கின்றன. டாக்ஸோரூபிசின் அப்படி அல்ல. அதற்கு ஒரு வாசல் உண்டு, 42, 43 டிகிரி வாக்கில்தான் அது திறக்கிறது. அதிலும் வரிசை முக்கியம். மருந்தும் சூடும் ஒன்றாகப் போனால் பலன். முன்கூட்டியே நெடுநேரம் சூடுபட்ட செல்லுக்கு அப்புறம் மருந்தைக் கொடுத்தால் அது மருந்தை எதிர்த்து நிற்கிறது. மெதோட்ரெக்சேட், சைட்டரபின் போன்ற போலி ஊட்டப்பொருள் மருந்துகளும் வின்கிறிஸ்டினும் பெரும்பாலான ஆய்வுகளில் சூட்டால் சொல்லத்தக்க பலன் பெறவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. சைட்டரபின் வேலை செய்ய வேண்டுமானால் செல் டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சூடு அந்தப் பிரதி எடுப்பையே நிறுத்திவிடுகிறது.

இப்போது இரத்தப் புற்று மருத்துவர் கையில் இருக்கும் மருந்துகளை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் வின்கிறிஸ்டின், மெதோட்ரெக்சேட், மெர்கேப்டோபியூரின் ஆகியவைதான் முதுகெலும்பு. தீவிர மைலாய்டு லுகேமியாவில் 1970-கள் தொட்டு ஏழு நாள் சைட்டரபின், மூன்று நாள் டானோரூபிசின். நாட்பட்ட மைலாய்டு வகையில் 2001-க்குப் பிறகு இமாடினிப் என்ற மாத்திரை. இவற்றில் டாக்ஸோரூபிசினின் உறவான டானோரூபிசினைத் தவிர மற்றவை சூட்டுக்கு அசையாத, அல்லது சூட்டை நாடாத மருந்துகள். இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் பங்கும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்துக்குப் போன எல்லாபிரகட சுப்பாராவ் தலைமையில் உருவான ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்தைக் கொண்டுதான் 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுகேமியாக் குழந்தைகளுக்கு முதல் தணிவைக் காட்டினார். மெதோட்ரெக்சேட் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் பயிரிடப்பட்டு, காய்ந்த இலையாகவும் வேராகவும் எங்கள் துறைமுகம் வழியாக வெளிநாடு போவது. எங்கள் மண்ணில் விளையும் இரத்தப் புற்று மருந்து, வெயிலில் விளைந்தாலும், வெப்பச் சிகிச்சைக்கு ஒத்துழைப்பதில்லை.

ஆக, லுகேமியாவுக்கு அன்றாடம் பயன்படும் மருந்துகளில் பெரும்பாலானவற்றைச் சூடு தூக்கிவிடாது. சூடு தூக்கிவிடும் மருந்துகளோ, குறிப்பாக ஆல்கைலேட்டர்கள், பெரிய அளவில் வருவது மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன்னும் சுற்றியும்தான். வெப்பத்தின் இடம் எது என்பதற்கு முதல் துப்பு இங்கேயே இருக்கிறது.

ஆனால் மற்றப் புற்றுகளில் சூடும் மருந்தும் உடலுக்குள்ளேயே வேலை செய்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. 2018-இல் வெளியான நெதர்லாந்துச் சோதனையில், மூன்றாம் கட்ட சினைப்பைப் புற்று உள்ள 245 பெண்கள் கலந்துகொண்டார்கள். அறுவை முடிந்ததும் வயிற்றுக்குள் 40 டிகிரி சூட்டில் சிஸ்பிளாட்டினைச் சுழலவிட்டபோது, ஆயுளின் இடைநிலை அளவு 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமாகக் கூடியது. மென்திசுச் சார்கோமாவில் ஜெர்மனியின் இஸ்ஸெல்ஸ் குழு 341 பேரிடம் நடத்திய சோதனையில், கட்டி இருக்கும் பகுதியை மட்டும் சூடேற்றியபடி கீமோ கொடுத்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். மும்பையில் ஹுயில்கோல் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தலை கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 42.4 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதும் மறைந்தது, சூட்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 78.6 சதவீதத்தினருக்கு. நோயாளிகள் மொத்தம் 56 பேர்தான் என்றாலும் வேறுபாடு பெரிது. எதிர்ச் சான்றும் உண்டு: பெருங்குடல் புற்று வயிற்றுச் சவ்வுக்குப் பரவியவர்களிடம் பிரான்ஸில் செய்த சோதனையில் சூடான ஆக்சாலிபிளாட்டின் ஆயுளைக் கூட்டவில்லை, 2021-இல் முடிவு வந்தது. பலன் கிடைத்த மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். வயிற்றறை, ஒரு கால், ஒரு கழுத்து. நோய் ஓரிடத்தில் இருக்கிறது, சூட்டையும் அங்கே மட்டும் நிறுத்த முடிகிறது. லுகேமியாவுக்கு அப்படி ஓரிடம் இல்லை. மஜ்ஜை, இரத்தம், மண்ணீரல், கல்லீரல், மூளையைச் சுற்றிய நீர் என்று உடல் முழுதும் அதன் இடம்தான்.

அப்படியானால் உடல் முழுவதையும் சூடேற்றலாமே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எடின்பரோவில் பெட்டிக்ரூ 1970-களில் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி உருகிய மெழுகில் கிடத்தினார். விஸ்கான்சினில் ராபின்ஸ் குழு கதிர்வீச்சு வெப்ப அறை அமைத்தது. எல்லோரும் போய் முட்டி நின்ற எல்லை ஏறக்குறைய 41.8 டிகிரி. அதற்கு மேல் கல்லீரல், இதயம், மூளை தாங்குவதில்லை. முன்னே சொன்ன கணக்கை இங்கே போடுங்கள். 43-இலிருந்து 41.8 என்றால் 1.2 டிகிரி குறைவு. நேரம் ஐந்து மடங்குக்குச் சற்று மேல் வேண்டும். குழாயில் ஒரு மணி நேரம் செய்ததை உடலில் செய்ய, ஒருவரை ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெப்பத் தாக்கு நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். தட்டணுக்கள் குறைந்து, இரத்தம் கசியும் நிலையில், தொற்றோடு படுத்திருக்கும் லுகேமியா நோயாளிக்கு இதைச் செய்யலாம் என்று எந்தக் கணக்கு சொன்னாலும் அந்தக் கணக்கை நான் நம்ப மாட்டேன்.

இன்னும் கெட்டிக்காரத்தனமான மறுப்பு ஒன்று உண்டு. உடலைச் சூடேற்ற வேண்டாம். டயாலிசிஸ் போல இரத்தத்தை மட்டும் வெளியே எடுத்து, சூடேற்றி, ஆறவைத்துத் திருப்பி அனுப்பலாமே? பொறியியலாகப் பார்த்தால் முடியும். நோயியலாகப் பார்த்தால் பயனில்லை. இரத்தத்தில் ஓடும் லுகேமியா செல்கள் மஜ்ஜையில் நிரம்பி வழிந்தவை. ஊற்று கிடக்க, தொட்டியைக் கழுவிக்கொண்டிருக்க முடியாது. வெள்ளணு எண்ணிக்கை அபாய அளவில் ஏறியிருப்பவர்களுக்கு இயந்திரம் வைத்து அவற்றை வடித்தெடுப்பது இப்போதும் செய்வதுதான். அது ஓரிரு நாள் மூச்சுவிட இடம் கொடுக்கும், நோயைத் தணிக்காது. வடித்தெடுப்பதாலேயே தணியாத நோய், சுட்டுத் திருப்புவதால் தணியாது.

சூட்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாமா என்றால் அதற்கும் செல் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1962-இல் இத்தாலிய ஆய்வாளர் ரிட்டோசா, பழ ஈயின் குரோமோசோம் சூட்டில் சில இடங்களில் பொங்கி நிற்பதைக் கண்டார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று இன்று சொல்லப்படும் பாதுகாவலர்களின் கதை அங்கே தொடங்கியது. ஒருமுறை சூடுபட்டுப் பிழைத்த செல் இவற்றை மளமளவென்று உற்பத்தி செய்து, குலைந்த புரதங்களை மீண்டும் மடித்து நிறுத்துகிறது. அடுத்த இரண்டு மூன்று நாள் அதே சூடு அதைத் தொடாது. முதல் தடவையில் அரைகுறையாகச் சுட்டால் எதிரிக்குக் கவசம் கொடுத்தனுப்பியதாகும். தினமும் வெந்நீர்க் குளியல், தினமும் அகச்சிவப்புக் கூண்டு என்று விற்கப்படுபவை 40 டிகிரியைக்கூட உடலின் உள்ளே எட்டுவதில்லை. எட்டினாலும் இந்தக் காரணத்தால் பயன் இல்லை.

சரி, எங்கே பயன்? மஜ்ஜைப் பையில். நோயாளியின் மஜ்ஜையை அல்லது குருத்தணுக்களை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்தி, உடலில் மிச்சமிருக்கும் நோயைக் கடும் மருந்தால் துடைத்துவிட்டு, எடுத்துவைத்ததைத் திருப்பிச் செலுத்துவது தன் மஜ்ஜை மாற்று. எடுத்துவைத்த பையிலேயே லுகேமியா செல்கள் ஒளிந்திருந்தால் நாமே நோயைத் திருப்பி ஏற்றுகிறோம். மெம்ஃபிஸில் பிரென்னர் குழு 1993-இல் பையில் இருந்த செல்களுக்கு மரபணு அடையாளம் வைத்து, நோய் திரும்பியபோது அந்த அடையாளம் லுகேமியா செல்களில் இருப்பதைக் காட்டி இந்தச் சந்தேகத்தை உறுதிசெய்தது. பையைச் சுத்தப்படுத்த 1980-களில் சைக்ளோபாஸ்பமைடின் உறவான மருந்துகளைப் பைக்குள்ளேயே சேர்த்தார்கள். அவை நல்ல குருத்தணுக்களையும் அடித்தன. இங்கேதான் சூடு உள்ளே வருகிறது. ஒரே 43 டிகிரியில் லுகேமியா முன்னோடிச் செல்கள் இயல்பான மஜ்ஜை முன்னோடிச் செல்களைவிட விரைவாக மடிகின்றன என்று 1980-களில் ஜப்பானிலும், பின்னர் 2003-இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கனிலும் காட்டினார்கள். சவ்வைத் தாக்கும் எடெல்ஃபோசின் போன்ற மருந்தைச் சூட்டோடு சேர்த்தபோது அந்த இடைவெளி இன்னும் விரிந்தது. உடலுக்குள் நம்மைத் தடுத்த எல்லாத் தடைகளும் இங்கே விலகிவிடுவதைக் கவனியுங்கள். பைக்குக் கல்லீரல் இல்லை, இதயம் இல்லை, 41.8 என்ற எல்லை இல்லை. சூட்டைப் பத்தில் ஒரு டிகிரி வரை பிடித்து நிறுத்தலாம். எந்த மருந்தையும் எந்த வரிசையிலும் சேர்த்து, முடிந்ததும் கழுவிவிடலாம். முன்னே நான் குறைபட்டுக்கொண்ட அளவைச் சிக்கல்கள்கூட இங்கே தீர்க்கக்கூடியவை.

அப்படியானால் இன்று ஏன் எந்த மருத்துவமனையும் மஜ்ஜைப் பையைச் சூடேற்றுவதில்லை என்பது இதற்கு வரும் கடைசி அடி, கனமான அடி. மூன்று காரணங்கள் தெரிகின்றன. உடலில் மிஞ்சிய செல்லாலும் நோய் திரும்புகிறது, பையை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. லுகேமியாவில் பிறர் மஜ்ஜை மாற்று முன்னுக்கு வந்துவிட்டது; கொடையாளியின் வெள்ளணுக்களே மிச்ச நோயை வேட்டையாடுவதால் சுத்தம் செய்யும் தேவை குறைந்தது. சூடு தாங்கிய பையைப் பெற்ற நோயாளிகளை வைத்துப் பெரிய ஒப்பீட்டுச் சோதனையை நடத்த யாருக்கும் வணிக ஆர்வம் இல்லை; வெந்நீருக்குக் காப்புரிமை கிடையாது. முதல் இரண்டும் மருத்துவக் காரணங்கள், அவற்றை ஏற்கிறேன். மூன்றாவதை ஏற்க மனம் வரவில்லை. பொருத்தமான கொடையாளி கிடைக்காத, பிறர் மஜ்ஜை மாற்றின் செலவைத் தாங்க முடியாத குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும் அங்கிருந்து வேலூருக்கும் அலையும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துல்லியமான வாட்டர் பாத்தின் விலை, மருத்துவமனைக் கணக்கில், ஒன்றுமே இல்லை. பழைய கேள்வியை இங்கே மறுபடி எடுத்துச் சோதிக்க நியாயம் இருக்கிறது.

குழாய்ச் சோதனைகள் வேறு விதமாகவும் பலன் தந்திருக்கின்றன. சூடு லுகேமியா செல்லைக் கொல்வது புரதச் சுமையால் என்றால், சூடே இல்லாமல் அந்தச் சுமையை ஏற்ற முடியுமா? முடியும். குலைந்த புரதங்களை அரைத்துத் தள்ளும் இயந்திரத்தை அடைக்கும் போர்டிசோமிப் என்ற மருந்து அந்த வேலையைத்தான் செய்கிறது. 1986 முதல் மஜ்ஜை மாற்று செய்துவரும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, புரோமைலோசைட்டிக் லுகேமியாவுக்கு ஆர்சனிக் டிரையாக்ஸைடை மட்டும் கொடுத்து 72 பேரில் 86.1 சதவீதத்தினருக்கு முழுத் தணிவு கண்டதை 2006-இல் வெளியிட்டது. பின்னர் அதே குழு ஆர்சனிக்கோடு போர்டிசோமிப்பைச் சேர்ப்பதன் நியாயத்தையும் பலனையும் 2016-இல் எழுதியது. ஆர்சனிக்கும் செல்லுக்குப் புரதச் சுமை ஏற்றும் பொருள்தான். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் தட்டி எழுப்புவதில் அது சூட்டுக்குச் சளைத்ததல்ல. சூடு கற்றுக்கொடுத்த பலவீனத்தை மருந்தால் தொடுகிறார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன். அவர்கள் இப்படிச் சொல்லவில்லை, இது என் வாசிப்பு.

தூத்துக்குடிப் பக்கத்து எங்கள் ஆத்தூரில் இந்தப் பேச்சை எடுத்தால் வெற்றிலையில் போய் முடியும். தாமிரபரணித் தண்ணீரில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால்காரர்களுக்கு அதில் நியாயமான பெருமை. வெற்றிலையில் உள்ள ஹைட்ராக்ஸிசாவிகால் என்ற பொருள், இமாடினிப்புக்கு மசியாத நாட்பட்ட மைலாய்டு லுகேமியா செல்களையும் கொன்றது என்று கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டதும் உண்மை. ஆனால் சூட்டைப் பற்றி இதுவரை சொன்ன அத்தனையும் வெற்றிலைக்கும் பொருந்தும். பிரித்தெடுத்த ஒரு பொருள், குழாயில், குறிப்பிட்ட அடர்த்தியில், குறிப்பிட்ட செல்லைக் கொன்றது. மென்று விழுங்கிய இலையிலிருந்து அந்த அடர்த்தி மஜ்ஜையை எட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாக்கு சேர்த்த தாம்பூலம், புகையிலை இல்லாவிட்டாலும் புற்றை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. வெற்றிலை மேல் பழியில்லை, பாக்கின் மேல்தான். ஆனாலும் இரத்தப் புற்றுக்குத் தாம்பூலம் போடச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

காய்ச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெப்பச் சிகிச்சையை ஆதரிப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். கடும் தொற்றும் காய்ச்சலும் கண்ட பிறகு சில லுகேமியா நோயாளிகளுக்குத் தானாகவே நோய் தணிந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. அவை மிக அரியவை. பெரும்பாலும் சில மாதங்களில் நோய் திரும்பியிருக்கிறது. 39, 40 டிகிரிக் காய்ச்சல் கணக்குப்படி 43 டிகிரியின் அருகில்கூட வராது. அங்கே வேலை செய்தது சூடு என்பதைவிட, தொற்று எழுப்பிவிட்ட நோயெதிர்ப்பு என்று கொள்வதே பொருத்தம். மறுபக்கம், கீமோ முடிந்து வெள்ளணுக்கள் விழுந்து கிடக்கும் நாட்களில் வரும் காய்ச்சல் இந்த நோயில் ஆளைக் கொல்லும் முதல் காரணங்களில் ஒன்று. நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல்தான் தொற்றின் ஒரே அடையாளமாகவும் இருக்கலாம். சீழ் கட்டக்கூட உடலில் வெள்ளணு இருக்காது. ஆகவே கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெர்மோமீட்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். ஒரு தடவை 38.3 டிகிரி, அதாவது 101 ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, சூடு புற்றை எரிக்கிறது என்று யார் சொன்னாலும் காத்திருக்காமல், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று தள்ளிப்போடாமல், நள்ளிரவானாலும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.